நிக்டிக்குப் போக ஒரு வண்டி

அப்பா ஒருநாளும் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. குரலை உயர்த்திப் பேசியதாகக்கூட நினைவில்லை. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வார். வானவடியில் எங்கள் கட்டடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவரைப் பிடிக்கும். புனேத் தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவில் அவர் மைக்கைப் பிடித்தால் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கான சரக்கு அம்மாவும் நானும்தான் என்பது சிரிப்பவர்களுக்கும் தெரியும். எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால், "என்னட்டி, சிரிச்சா வாய் சுளுக்கிருமா?" என்று வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சுற்று ஆரம்பமாகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தேன். நிக்டிப் பக்கம் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. தீபாவளி முடிந்ததும் சேர வேண்டும். காலை ஷிஃப்டுக்கு விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வானவடி ஊரின் ஒரு மூலை என்றால் நிக்டி எதிர் மூலை. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. தொழிற்சாலையின் பஸ்ஸும் எங்கள் பக்கம் வராது. பெண்கள் விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்றதற்கு அப்பா பேப்பரைப் புரட்டினார். சரி, ஒரு மொபெட் வாங்கித் தாருங்கள் என்றேன். துப்பட்டாவை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மொபெட்டில் பறக்காத பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.

நான் கேட்ட நேரம் சரியில்லை. கூடத்தில் அப்பாவின் அலுவலக நண்பர்கள் இருவர் மனைவிமாரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆள் கூடினால் அப்பாவுக்குக் குஷி வந்துவிடும்.

"மொபெட் எதுக்கு?" என்றார். "கீழ ஒரு யானை படுத்துக் கெடக்குல்லா. அத எழுப்பு. எந்திரிச்சு நின்னுச்சுன்னா அம்பாரியில ஏறி நிக்டி என்ன, திருநெல்வேலிக்கே போ. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் மட்டும், "சத்தியமாப்பா?" என்று கேட்டேன். அவர் தட்டிலிருந்து ஒரு பிடி அவல் சிவ்டாவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "சாட்சிக்கு நாலு பேரு இருக்காகல்லா" என்றார்.

யானை என்று அவர் சொன்னது கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தில் தார்ப்பாய்க்கடியில் கிடந்த மோட்டார் சைக்கிளை. ராணுவம் கழித்துப் போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது. முந்நூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர், ஆள் உயரத்துக்குச் சத்தம். அவர் ராணுவத்தில் சிப்பாயாக அல்ல, குமாஸ்தாவாக இருந்தவர். ஆனால் அந்த வண்டியில் போகும்போது செக்போஸ்ட்டில் சில பேர் தவறிப்போய் சல்யூட் வைத்துவிடுவார்கள். அதற்காகவே அதை வைத்திருந்தார் என்று அம்மா சொல்வாள், அவர் காதில் விழாமல்.

அந்த வண்டியை அவர் ஏன் மூடிவைத்தார் என்பது எனக்குத் தெரியும். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ராணுவக் குடியிருப்பில் இருந்தோம். ஒருநாள் காலை அவர் கிக்கரை உதைத்தார். இன்ஜின் திருப்பி உதைத்தது. அந்த மாதிரிப் பழைய பெரிய இன்ஜின்கள் அப்படிச் செய்யும். சரியான இடத்தில் நிறுத்தாமல் அரைகுறையாக உதைத்தால் கிக்கர் பாய்ந்து மேலே வந்து காலைத் தாக்கும். அவரைத் தூக்கிப் பக்கத்துச் செடியில் போட்டது. நாலு வீட்டு ஜன்னலிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள். வலது காலை நொண்டிக்கொண்டு கொஞ்ச நாள் அலுவலகம் போனார். பிறகு பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லி வண்டியைத் தார்ப்பாயால் மூடினார். வானவடிக்கு வீடு மாறியபோது டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். விற்கவும் இல்லை, தொடவும் இல்லை.

மறுநாளே தார்ப்பாயை உருவினேன்.

காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. சைலன்சர் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. டயர்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பெட்ரோல் டேங்கை ஆட்டினால் உள்ளே துரு கலகலத்தது. கிக்கரை மிதித்தேன். அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துப்போயிருந்தது. மாடி பால்கனியில் அப்பா பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். அன்று முதல் அது அவருடைய இருக்கை.

"மெக்கானிக் சிங்! யானை வாலயாவது ஆட்டுச்சா?"

மாலையில் வேலை முடிந்து திரும்பும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதையே இந்தியில் ஒருமுறை, கீழ் வீட்டு மராத்திக்கார மாமிக்கு மராத்தியில் ஒருமுறை சொல்வார். மூன்று மொழியிலும் எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் கோந்த்வாவில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். நான் நின்று பேச, அவன் எனக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் "பாயீ கோ பேஜோ" என்றான். அண்ணனை அனுப்பு என்கிறான். எனக்கு அண்ணன் கிடையாது என்றேன். "தோ பாப் கோ பேஜோ." அப்பனை அனுப்பச் சொன்னான். அப்பனை அனுப்பும் லட்சணம் எனக்கல்லவா தெரியும்! புதிது என்று சொல்லி அவன் கொடுத்த பிஸ்டன் வளையங்கள் யாரோ ஓட்டிக் கழித்தவை. மண்ணெண்ணெயில் போட்டதும் பாலிஷ் கரைந்து பல்லைக் காட்டின. திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். மராத்தியில் எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் அன்று செலவழித்தேன். அவன் பணத்தைத் தரவில்லை, ஆனால் கடையில் இருந்தவர்கள் முன்னால் அவன் முகம் கறுத்தது. அது போதும் என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நானா பேட் என்கிற வட்டாரத்து உதிரி பாகக் கடைகளில் நானே நின்று, எடுத்து, தேய்த்துப் பார்த்து வாங்கினேன்.

பிஸ்டனுக்காகப் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தேன். தினமும் போய் வண்டியை நாலாவது கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுவேன். ஒருநாள் அது ஒரு மயிரிழை நகர்ந்தது. அந்த மயிரிழைக்கு நான் அழுதேன். எனக்குக் கல்யாணம் என்று சொல்லியிருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன்.

டேங்குக்குள் ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு, பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டி ஆட்டித் துருவை எடுத்தேன். செயினை அம்மாவின் பழைய இரும்புச் சட்டியில் கிரீஸ் ஊற்றி அடுப்பில் காய்ச்சினேன். அம்மா சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுல இனிமே உங்கப்பாவுக்கு வத்தக்குழம்பு வைக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் நாக்கு உண்டு. அதை அவர் இல்லாத நேரத்தில் மட்டும் வெளியே எடுப்பாள்.

பாயிண்ட் செட் பண்ணுவதுதான் பெரிய வம்பாகிவிட்டது. பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்கிற இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் அவை. எந்த நொடியில் திறக்கின்றன என்று கண்ணால் பார்க்க முடியாது. நடுவில் சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே இன்ஜினைத் திருப்ப வேண்டும். தாள் எப்போது வழுக்கி வெளியே வருகிறதோ அப்போது திறந்தது என்று அர்த்தம். பாலிடெக்னிக் பட்டறையில் அப்படித்தான் செய்வோம். தாளுக்காக முனையில் இருந்த பான் டப்ரிப் பெட்டிக்கடையில் போய் ஒரு சிகரெட் வாங்கினேன். டப்ரிக்காரன் அதை எடுத்துக் கொடுப்பதற்கு முன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அன்று சாயங்காலமே சங்கதி அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்ததும், "ஏ, நம்ம வீட்டுல ஒரு ஆம்பளப் பிள்ள இல்லியேன்னு அழுதியே" என்று அம்மாவிடம் சொன்னார். "கடவுள் கண்ணத் தொறந்துட்டான். நம்ம மவன் சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சுட்டான்."

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்குச் சோறு புரையேறியது. அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயின. இரண்டும் ஆண் பிள்ளைகள். அதைத் தொட்டுத்தான் அவர் பேசினார். அம்மா எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்து சித்தப்பாவுக்குக் கொடுத்தாள். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் மேல் எனக்கு இருந்தது கோபமில்லை என்று அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கோபம் இரண்டு நாளில் இறங்கிவிடும். இது இறங்கவில்லை.

மழை விட்டு, பிள்ளையாரைக் கரைத்து முடித்த சமயம் வண்டி ஓடத் தயாரானது. பெட்ரோல் ஊற்றி, குழாயைத் திறந்து, கிக்கரை உதைத்தேன். என்னையும் அது விட்டுவைக்கவில்லை. காலைத் திருப்பி உதைத்துத் தூண் மேல் சாய்த்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வந்தது. நிமிர்ந்து மேலே பார்த்தேன். அப்பா பேப்பரை மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பயம் இருந்தது. எனக்காகப் பட்ட பயமா, அந்தக் கிக்கரைப் பார்த்த பயமா என்று நான் யோசிக்கவில்லை. அந்த முகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க ஆசைப்பட்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

பலத்தை நம்பி உதைக்கிற வண்டி இல்லை அது. ஹெட்லைட் மூடியின் மேல் மின்சாரம் காட்டுகிற ஒரு சின்ன வட்டம் உண்டு. அதில் ஒரு முள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் ஒரு பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். ஆகவே சாவியைப் போட்டு, கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே குனிந்து முள்ளைப் பார்க்க வேண்டும். நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்தி, இடது கைப்பிடி அருகே உள்ள சின்ன லிவரை இழுத்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட்டு, கிக்கரை இன்னும் ஒரு துளி தள்ளி, லிவரை விட்டுவிட்டு, பிறகு ஒரே மிதி. பயந்து பாதியில் காலை எடுக்கக் கூடாது. அப்பாவுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை போலிருக்கிறது. இத்தனை வருஷம் அதிர்ஷ்டத்தில் ஓட்டியிருக்கிறார்.

அப்படிச் செய்தபோது அது கிளம்பியது. குளவிக் கூட்டின் மிச்சமும் கரியும் புகையுமாகச் சைலன்சரிலிருந்து கக்கியது. கார் நிறுத்துமிடம் முழுக்க அதிர்ந்தது. கீழ் வீட்டு மாமி கரண்டியோடு ஓடிவந்து கை தட்டினாள். நான் மேலே பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

ராத்திரி அவர் சொன்னார்: "எந்திரிச்சா மட்டும் போதுமா? ரோட்டுல போலீஸ்காரன் பிடிச்சா நானா வந்து நிக்கது? அந்த வண்டிக்கு வயசாயிட்டு. ஆர்டிஓ ஆபீஸ்ல பாஸ் பண்ணிட்டு வா, பாக்கலாம்."

யானை எழுந்தால் போதும் என்றவர் இப்போது யானைக்குப் பாஸ் கேட்கிறார். கேட்டதில் நியாயமும் இருந்தது. பிரேக் கட்டைகளை மாற்றினேன், ஹாரன் வைத்தேன், விளக்குகளைச் சரி செய்தேன், நானா பேட்டில் டயர் வாங்கிப் போட்டேன். சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டு சங்கம் பாலத்துப் பக்கம் ஆர்டிஓ ஆபீஸ் வரிசையில் போய் நின்றேன். சோதனை செய்த அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். பிரேக் போடச் சொன்னார். போட்டேன். கடைசியில் பின்சக்கரத்தின் இடது பக்கத்தைக் காட்டி, சாரி கார்டு எங்கே என்றார்.

பின்னால் ஒருக்களித்து உட்கார்கிற பெண்ணின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு கம்பி வலை மாட்டுவார்கள், அதைத்தான் சொல்கிறார். சக்கரத்தைக் கழற்றும்போது அதையும், அதோடு இருந்த பெண்கள் கால் வைக்கும் தட்டையும் கழற்றிச் சாக்கில் போட்டிருந்தேன். திரும்ப மாட்டவில்லை. மாட்டுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"என் பின்னால் யாரும் சேலை கட்டிக்கொண்டு உட்காரப் போவதில்லை" என்று மராத்தியில் சொன்னேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. சட்டம் அப்படி இருக்கிறது, மாட்டிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மாட்டிக்கொண்டு போனேன். போட்டார்.

பாஸாகிவிட்டது என்று சொல்ல வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா பித்தளை விளக்குகளைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். தசராவுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அப்பா என்னை உட்காரச் சொன்னார். சாதாரணமாக அவர் யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார்.

"விஜயதசமி அன்னைக்கு உன்னயப் பாக்க வாராக. மதுரக்காரங்க. இங்கதான் செட்டில் ஆயிருக்காக. பையன் இன்ஜினியர். வீடு எங்க தெரியுமா?" கொஞ்சம் நிறுத்தினார். மேடையில் நிறுத்துவதுபோல. "நிக்டி."

நான் கையிலிருந்த ஆர்டிஓ காகிதத்தை மடித்தேன்.

"நிக்டிக்குப் போணும்னுதான ஒத்தக்கால்ல நின்ன? போ. அவுக வீட்டுல பொண்ணு வேலைக்குப் போகாண்டாம்னுட்டாக. பையனுக்கு இந்த மாதிரிப் பழைய வண்டின்னா உசிராம், போட்டோவப் பாத்துட்டே மயங்கிட்டானாம். சீதனமா நம்ம வண்டியவே குடுத்துருதேன்னுட்டேன். வண்டியும் நிக்டிக்குப் போகுது, நீயும் போற. பின்னால உக்காந்துக்கோ. கார்டு மாட்டியாச்சுல்லா."

அம்மா விளக்கு தேய்ப்பதை நிறுத்தவில்லை. என் கண்ணில் தண்ணீர் வருமா என்று அப்பா பார்த்தார். வரவில்லை. அவருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். அன்று என்னால் அவருக்குக் கொடுக்க முடிந்தது அந்த ஒரு ஏமாற்றம்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அம்மா என் கைகளை எலுமிச்சம்பழத் தோலும் சலவைச் சோடாவும் வைத்துத் தேய்த்தாள். நகக் கண்ணில் ஏறியிருந்த கறுப்பு போகவில்லை. ஊக்கின் முனையால் தோண்டினாள். ரத்தம் வந்தது. "கிரீஸ் கையோட வந்து நின்னா எவன் கட்டுவான்" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பூஜையன்று என் ஸ்பேனர்களை எல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, சாமி முன்னால் அடுக்கினோம். அன்று அவற்றை யாரும் தொடக் கூடாது. மறுநாள் நல்ல நேரம் பார்த்து எடுத்தால் வருஷம் முழுக்கக் கைகூடும் என்பது வழக்கம். வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, கைப்பிடியிலும் ஹெட்லைட்டிலும் அம்மா கனமான சாமந்தி மாலை சுற்றினாள். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

விஜயதசமி அன்று நிக்டிக்காரர்கள் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. பையன் சாது. என்னைப் பார்த்ததைவிட ஜன்னல் வழியாகக் கீழே வண்டியைத்தான் அதிகம் பார்த்தான். அதற்காக அவனை நான் குறை சொல்லவில்லை. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், இத நீங்களேவா ரெடி பண்ணீங்க?" என்று கேட்டான்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "பின்ன யாரு? ரெண்டு மாசம், ஆபீஸ் விட்டு வந்து உக்காந்து ஒவ்வொரு நட்டா கழத்தி மாட்டினேன். பிஸ்டன் எறுகிப் போச்சு. டீசல ஊத்தி ஊறப்போட்டு எடுத்தேன்." பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். ஒன்றையும் விடவில்லை. டேங்குக்குள் ஜல்லி போட்டது வரை சொன்னார்.

"பொண்ணு மெக்கானிக்கல் படிச்சிருக்குன்னு சொன்னாங்களே" என்றாள் பையனின் அம்மா, கொஞ்சம் சந்தேகமாக.

"பாஸானா, அவ்வளவுதான்" என்று அப்பா சிரித்தார். "பொம்பளப் பிள்ள. அவளுக்கு என்ன தெரியும்?"

அந்த அம்மாளுக்கு நிம்மதியானது. அம்மா கேசரித் தட்டை நகர்த்தினாள்.

பிறகு எல்லாரும் கீழே இறங்கினோம். பையன் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டான். அவன் அப்பா தடுத்தார். "பூஜ போட்ட வண்டி. மொதல்ல வீட்டுக்குப் பெரியவரு கையால எடுத்து எலுமிச்சம்பழத்துல ஏத்தி எறக்கட்டும். அதுக்கப்புறம் நீ தொடு. அதான் மொற."

அப்பா முழங்கால் வலி என்றார். "ரெண்டு மாசம் குத்துக்கால் போட்டு ரிப்பேர் பாக்குறப்ப வலிக்கலயா?" என்று பையனின் அப்பா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவைப் பார்த்து ஊர் சிரிப்பதை அன்றுதான் முதல்தடவையாகக் கேட்டேன். கீழ் வீட்டு மாமியும் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. வண்டியைச் செய்தது யார் என்று மட்டும் தெரியும்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். சாவியைப் போட்டார். கிக்கரில் வலது காலை வைத்தார். ஒரு விரலால் சாமந்தி மாலையை விலக்கி, அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தார். உதைப்பதற்கு முன்னால் நான் குனிந்து எதைப் பார்ப்பேன் என்று மேலேயிருந்து பார்த்திருக்கிறார். என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. கிக்கரைக் கொஞ்சம் அழுத்தினார். முள் சாய்ந்தது. பயந்துபோய் விட்டுவிட்டார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஏ பிள்ள," என்றார். "முள்ளு எங்க நிக்கணும்?"

கேலி இல்லை. அவர் குரலில் அது இல்லாமல் நான் கேட்ட ஒரே வாக்கியம் அது. பையன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் அப்பாவும் அம்மாவும் பார்த்தார்கள். மாடியில் சொன்ன பொய்யை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அவர் தானாகவே கீழே போட்டுவிட்டார். நான் 'நடுவுலப்பா' என்று சொல்லியிருந்தால் போதும். வண்டி யார் கையால் உயிர் பெற்றது என்று நிக்டிக்கே தெரிந்திருக்கும். இரண்டு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான்.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு பெண் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரிடமிருந்து படித்த சிரிப்பு ஒன்று எனக்கும் உண்டு. அதைச் சிரித்தேன்.

"எனக்கு என்னப்பா தெரியும்?"

"அதானே" என்றாள் பையனின் அம்மா.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். புரிந்துகொண்டார். பிறகு, இறங்க முடியாது என்பதால், உதைத்தார். பயந்த காலால், பாதி மிதி.

இன்ஜின் திருப்பி உதைத்தபோது வந்த சத்தம் இரும்புச் சத்தமில்லை. அவர் கத்தவில்லை, காற்றை மட்டும் உள்ளே இழுத்தார். வண்டியோடு இடது பக்கம் சாய்ந்தார். மாலை அறுந்து சாமந்தி அவர் மேலும் தரையிலும் சிதறியது. பையனும் அவன் அப்பாவும் வண்டியைத் தூக்கினார்கள். கீழ் வீட்டு மாமி ஓடிவந்தவள் அவரைத் தூக்குவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எலுமிச்சம்பழம் நசுங்காமல் வடிகால்வரை உருண்டு போயிற்று.

கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். நல்ல நாளில் மாலை அறுந்து ரத்தம் பார்த்த சம்பந்தம் வேண்டாம் என்று நிக்டியிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். தீபாவளி முடிந்தது. நான் வேலையில் சேர்ந்தேன்.

தினமும் இருட்டு பிரிவதற்குள் கீழே இறங்குவேன். அப்பா தூக்கம் வராமல் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிப் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். நான் அவசரப்பட மாட்டேன். சாவியைப் போட்டு, குனிந்து, முள்ளைப் பார்த்து, லிவரை இழுத்து, விட்டு, ஒரே மிதி. அவர் பார்க்க வேண்டும் என்றே நிதானமாகச் செய்தேன். கொஞ்ச நாளில் அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களில் ஆட்டோவில் போனார். என் பின்னால் ஒருநாளும் உட்காரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் தப்பு செய்தார், நான் பதில் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பொங்கல் விழாவில் மைக் பிடிப்பதை நிறுத்திக்கொண்டார். அம்மா மட்டும் பழைய மாதிரியே அவர் இல்லாத நேரத்தில் பேசினாள். பிறகு அவர் எதிரிலும் பேச ஆரம்பித்தாள்.

சில வருஷம் கழித்து நான் கோந்த்வாவில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கினேன். அம்மா இறந்த பிறகு அப்பா என்னோடு வந்து இருந்தார். நாங்கள் சண்டை போட்டதில்லை. வெயில், மழை, மின்வெட்டு, எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். ஆனால் அந்த விஜயதசமிக்குப் பிறகு என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. மருந்து எங்கே என்றோ, மணி என்ன என்றோகூட. தாகம் எடுத்தால் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலை இழுத்து இழுத்துச் சமையலறைக்குப் போவார். நான் சோபாவில் உட்கார்ந்து அவர் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.